சங்கரன்கோயிலில் சீனத்து வசந்தம்

எனக்குக் கல்லீரல் என்று ஒன்று இருப்பதே ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை அது தன் வேலையைப் பார்த்தது, நான் என் வேலையைப் பார்த்தேன். சண்டைக்காலம் முழுக்க மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று, மாவாக்கித் தின்று, கடைசியில் அதன் இலையையும் வதக்கித் தின்றதில், வலது விலாவுக்குக் கீழே யாரோ குடிவந்து உட்கார்ந்துகொண்டதுபோல ஒரு கனம். கண்ணில் மஞ்சள் பூத்தது. சண்டை முடிந்து ஜப்பான்காரன் காலி செய்துவிட்டுப் போனான். விலாவில் இருந்தவர் போகவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு சின்சே இருந்தார். மலாய் நாட்டில் சீன வைத்தியருக்கு அதுதான் பெயர். ஆயிரம் இழுப்பறை வைத்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். நான் இறந்துவிட்டேனா இல்லையா என்று தீர்மானிப்பவர்போல வெகுநேரம் யோசித்தார். பிறகு மலாயில் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: "வசந்தம் வரப்போகிறது. மரம் துளிர்க்கிற காலம் கல்லீரலின் காலம். நன்றாக நடந்துகொண்டால் அதுவும் துளிர்க்கும். இல்லாவிட்டால் இந்த வருஷம் முழுக்க நீ பட வேண்டியதுதான்."

நன்றாக நடந்துகொள்வது என்றால் என்ன என்று கேட்டேன். விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். இடுப்பைத் தளர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அவசரமில்லாமல் உலாவ வேண்டும். புளிப்பு ஆகாது, கொஞ்சம் இனிப்பு நல்லது. கழுத்திலும் முதுகிலும் காற்றுப் படக்கூடாது, குளிர்காலத் துணியை அவசரப்பட்டுக் களையக்கூடாது. காலையில் செவ்வந்திப்பூக் கஷாயம். யாரையும் திட்டக்கூடாது, தண்டிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கோபம் கூடாது. கல்லீரல் கோபத்தின் வீடாம்.

நான் வழுக்கை. அவிழ்த்துவிட முடியில்லை என்பதைத் தவிர மற்றதற்கெல்லாம் சம்மதித்தேன். பினாங்கில் வருஷம் முழுக்க ஒரே புழுக்கம், வசந்தம் எங்கிருந்து வரும் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் அவருக்குக் கோபம் வந்து அவருடைய கல்லீரல் கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டேன். அவருடைய வசந்தம் அவர் அப்பன் பாட்டன் காலத்தில் சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. அதை நான் இன்னொரு கப்பலில் ஏற்றிச் சங்கரன்கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. காரணம், என் அக்காள்.

அக்காள் செண்பகத்துக்கு ஒரே மகள், கோமதி. அத்தான் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கோமதி பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தன. மூன்றாவதாக வாசுதேவநல்லூரில் ஓர் இடம், பையனும் வாத்தியார். எல்லாம் பேசியாயிற்று. கடைசி வார்த்தைக்கு மட்டும் இரு வீட்டாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். தாய்மாமன் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கட்டும், அங்கே அவர் கை நனைத்தால் முடிவு என்பது ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிகிற வரையில் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம். காப்பி குடிக்கலாம், பாக்குப் போடலாம். சோற்றில் கை வைத்தால் பேச்சு முடிந்தது. கடல் தாண்டி அழைத்தது என் கைக்காகத்தான், அதோடு ஒட்டிக்கொண்டு நானும் போனேன்.

பங்குனி மாதம். ரயிலைவிட்டு இறங்கியபோது கரிசல் காட்டிலிருந்து வந்த அனல் என்னை மாலை போடாத குறையாக வரவேற்றது. கழுத்தில் கம்பளி மப்ளர், சட்டைக்கு உள்ளே பிளானல் பனியன். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் தம் குழந்தையை என்னிடமிருந்து சற்றுத் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

அக்காள் வாசலிலேயே கேட்டாள். "என்ன தம்பி, காய்ச்சலா?"

வசந்தம் என்றேன். அவள் அதை ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொண்டாள் என்பது பின்னால் தெரிந்தது.

முதல் நாள் சாப்பாட்டிலேயே சங்கடம். நான் வருகிறேன் என்று அக்காள் சுண்டைக்காய் வற்றல் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். நான் பருப்பும் நெய்யும் போதும் என்றேன். ரசம் வந்தது, வேண்டாம் என்றேன். மோர் வந்தது, இலையைக் கையால் மூடினேன். கப்பலில் பக்கத்துப் படுக்கைக்காரர் காலடியில் நான் நாள் தவறாமல் வாந்தி எடுத்தபோதுகூட நான் இவ்வளவு குற்றவாளியாக உணரவில்லை. அவள் குழம்புச் சட்டியை உள்ளே எடுத்துப் போனாள். கோமதிதான் வெல்லம் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் விடியுமுன் செவ்வந்திப்பூவைக் கொதிக்கப் போட்டேன். அக்காள் எட்டிப் பார்த்தாள்.

"சாமிக்குப் போடுத பூவக் காய்ச்சியா குடிக்க?"

சீனாவில் குடிப்பார்கள் என்றேன். அங்கே சாமிக்கு என்ன போடுவார்கள் என்று கேட்டாள். தெரியாத கேள்விக்கு முன்னால் மௌனமாக இருப்பதே படித்தவனுக்கு அழகு. கஷாயத்தைக் குடித்துவிட்டு, சின்சே கட்டிக்கொடுத்த சிவப்புப் பழப் பொட்டலத்தைப் பிரித்தேன். கல்லீரலுக்கு மிகவும் உகந்தது, விலையும் அதற்குத் தகுந்தது. கோமதி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, மெல்லிய குரலில், "மாமா, இது எலந்தப்பழம்" என்றாள். எங்கள் ஊர்க் காட்டில் ஆடு தின்றதுபோகக் கீழே கிடப்பது. அதைக் கடல் தாண்டி அங்கிருந்து இங்கே கொண்டுவந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு ஆவுடைப்பொய்கைத் தெப்பக்குளப் பக்கமாக உலாவப் போனேன். இடுப்பைத் தளர்த்தச் சொல்லியிருந்ததால் வேட்டியை லேசாகத்தான் கட்டியிருந்தேன், அது நழுவாமலிருக்க அடிக்கடி நின்று பிடித்துக்கொண்டேன். அவசரமில்லாமல் நட என்றால் எவ்வளவு மெல்ல என்று சின்சே சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டுமே என்று மிக மெல்ல நடந்தேன். பினாங்கில் விடியற்காலைக் கடற்கரையில் சீனக் கிழவர்கள் வரிசையாகக் கையை நீட்டி மடக்கி நிற்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே குளத்தங்கரையில் குளிக்க வந்தவர்கள் குளிப்பதை நிறுத்திவிட்டார்கள். படியில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "காலங்காத்தாலயே பாரும் வே." சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்படக்கூடாதே என்று கோயிலுக்குள் போய்விட்டேன்.

அம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டு, ஒரு துளி வாயிலும் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் எந்த உபாதைக்கும் அதுதான் முதல் மருந்து. சின்சே கொடுத்திருந்த சூரணமும் கிட்டத்தட்ட அதே ருசிதான். சின்சே மட்டும் என் கண்ணின் மஞ்சளைப் பற்றிக் கேட்டார். அம்மன் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது ஊர்தான். அன்று சாயங்காலம் அக்காளின் கொழுந்தனார் வேலாயுதம் வந்தார். எனக்கு அத்தான் முறை. கோயில் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஊர்ச் செய்தியிலிருந்து ஓய்வு பெறாதவர். என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஊருக்குள்ள என்ன பேசுதாங்க தெரியுமா? பினாங்குக்காரருக்கு ஈரல் போயிட்டாம். ஈரல் எதுனால வே போகும்? கேக்கவன் சும்மா இருப்பானா?"

மரவள்ளிக்கிழங்கு என்றேன்.

"அத நான் நம்புவேன். காலையில வேட்டி அவுந்து விழ, தள்ளாடிக்கிட்டு நீரு கொளத்தச் சுத்துனதப் பாத்தவன் நம்புவானா?"

மதுவிலக்கு ஒவ்வொரு ஜில்லாவாக வந்துகொண்டிருந்த காலம். குடித்ததில்லை என்று நிரூபிப்பது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவன் குடித்ததை நிரூபிக்க ஆயிரம் வழி இருக்கிறது, குடிக்காததற்கு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் சங்கரலிங்கம் பிள்ளை ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தவர், கறாரானவர் என்று வேறு அத்தான் சொல்லிவைத்தார். விலாவில் இருந்தவர் புரண்டு படுத்தார்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இதுவரை நான் எனக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தேன், அது பழகிப்போன பயம். இது புதிது. கஷாயத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். உலாவலைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொண்டேன். அது கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் இடையே நாலு எட்டு, பசுமாடு ஒன்று கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைப் பார்த்தது. ஒளிவுமறைவு வந்ததும் சந்தேகம் கூடியது. வெள்ளரிக்காய் விற்க வந்தவள்கூட அக்காளிடம், தம்பிக்கு இப்பத் தேவலையா என்று விசாரித்துப் போனாள்.

வாசுதேவநல்லூர் போவதற்கு முந்தின நாள், கோமதி நான் மட்டும் இருக்கும்போது வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதையும் நேராகக் கேட்கிற பெண் இல்லை.

"மாமா, ஒங்க ஒடம்பு முக்கியந்தான். ஆனா அங்கன போயி புளி வேண்டாம், மோர் வேண்டாம்னு சொல்லிராதீங்க. முந்துன இடத்துல, கல்யாணம் ஆனா பள்ளிக்கூடத்த விட்டுறணும்னாங்க. இவுக அப்படிச் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த இடம் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லாமலே தெரிந்தது.

மறுநாள் நானும் வேலாயுதம் அத்தானும் கிளம்பினோம். கரி பஸ். பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு, பெட்ரோல் கிடைக்காத காலத்தின் பாவத்தையெல்லாம் அதில் போட்டு எரித்துக்கொண்டு ஓடுகிற வண்டி. புளியங்குடி தாண்டி ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. எல்லோரும் இறங்கி நிற்க, கண்டக்டர் காற்றாடியைச் சுற்றிக் கரியை ஊதினார். மேற்கே மலை நீலமாக நின்றது. அங்கிருந்து குளிர்ந்த காற்று வந்து கழுத்தில் பட்டது. பதறிப் போய் மப்ளரைத் தேடினேன். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"இப்படித்தான் இதுக்குச் சீக்கு," என்றார் கண்டக்டர் பொதுவாக. "கொஞ்ச நேரம் கோவப்படாம இருந்தா அதுவா எந்திரிச்சிரும்." சின்சேயும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார், காசு வாங்கிக்கொண்டு.

சங்கரலிங்கம் பிள்ளை வீடு குளத்துக்குக் கீழே வயலைப் பார்த்த வீடு. அவர் வாசலில் நின்று அளந்த புன்னகையோடு அழைத்துப் போனார். அவர் பார்வை ஒருமுறை என் கண்ணில் நின்று, மஞ்சளைக் கணக்கெடுத்துக்கொண்டு நகர்ந்தது. நான் நேராக, மிக நேராக, கோடு போட்டதுபோல நடந்து போனேன். பையன் பெயர் சண்முகம். ஒல்லியான ஆள், அதிகம் பேசவில்லை. பேசின ஒன்று எனக்குப் போதுமாக இருந்தது.

"இங்கன உள்ள போர்டு ஸ்கூலுக்கு மாத்தல் கெடைக்குமான்னு விசாரிச்சு வச்சிருக்கேன் சார். அவுக வேலைய விட வேண்டாம்லா."

எனக்கு அப்போதே சோற்றில் கையை வைத்துவிடலாம்போல் இருந்தது. சாப்பாட்டுக்கு நேரமாகிறதா என்று நானே கேட்டுவிடுவேனோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இலை போட்டார்கள். அத்தானுக்கு ஒன்று, சங்கரலிங்கம் பிள்ளைக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று. எனக்கு இலை இல்லை. ஒரு மணைக்கட்டையும், அதன் முன்னால் பெரிய வெள்ளி டம்ளரும் இருந்தன. பையனின் தாயார் பூரணத்தம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"ஒங்களுக்குப் பத்தியம்னு சங்கரன்கோயில்ல இருந்து வந்தவுக சொன்னாங்க. புளி, காரம் ஒண்ணும் சேக்கல. அரிசிக் கஞ்சி, கருப்பட்டி போட்டுருக்கேன். கூச்சப்படாமக் குடிங்க அண்ணாச்சி."

எந்தச் செய்தி இங்கே வந்து சேர்ந்தது? ஈரலா, குடியா, இரண்டுமா? இது பரிவா, குத்தலா? பூரணத்தம்மாள் முகத்தில் பரிவுதான் இருந்தது. சங்கரலிங்கம் பிள்ளை முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கும் இலை போடுங்கள் என்று கேட்கலாம்தான். ஆனால் எனக்காகவே காய்ச்சிய கஞ்சி, மறுத்தால் அவமதிப்பு. புளி வேண்டாம் என்று சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் தெய்வம் காப்பாற்றியது என்று நினைத்து டம்ளரை எடுத்தேன். கஞ்சி பதமாக இருந்தது. கல்லீரல் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தேன், நன்றாக இருக்கிறது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். பக்கத்தில் அத்தான் அவியலில் தொடங்கிப் பாயசம் வரையில் தலை நிமிரவில்லை.

அதன் பிறகு பேச்சு வற்றிவிட்டது. மழை, நெல் கட்டுப்பாடு, மழை. சங்கரலிங்கம் பிள்ளை என் கையைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தார். பூரணத்தம்மாள் உள்ளே போனவர்கள் வரவில்லை. பையன் எழுந்து போய் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெற்றிலைத் தட்டு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். சரி என்றார். கஞ்சி குடிக்கிற ஈரலை எந்த மாப்பிள்ளை வீட்டிலும் விரும்பமாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

அன்றைக்கு அதுதான் கடைசி பஸ். அடுப்பு பிடிக்காமல் புகைந்துகொண்டிருந்தது. அத்தான் பல் குத்திக்கொண்டே ஏதோ யோசித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"வே, நீரு இலையில உக்காரலல்லா?"

கஞ்சி குடித்தேனே என்றேன்.

"டம்ளர்ல குடிச்சீரு. கை எங்கன வே நனஞ்சது?"

வலது கையைப் பார்த்தேன். காய்ந்து, சுத்தமாக, யார் வீட்டிலும் சாப்பிடாத கையாக இருந்தது. டம்ளரைக்கூட விளிம்பில்தான் பிடித்திருந்தேன். நான் சாப்பிட்டாற்போலவா, சாப்பிடாததுபோலவா? அதுதான் சங்கரலிங்கம் பிள்ளைக்கும் தெரியவில்லை. பெண் வீட்டானிடம் போய், உமக்குச் சம்மதமா இல்லையா என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்கமாட்டார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அந்த அம்மாளுக்கு இப்போது வீட்டில் என்ன பேச்சு விழுகிறதோ. சங்கரன்கோயிலில் கோமதி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நாளைக்கு ஆளனுப்பிச் சொல்லிக்கிடலாம்," என்றார் அத்தான். அவர் குரலிலேயே அது நடக்காது என்று இருந்தது. வேண்டாம் என்று போனவன் மறுநாள் ஆளனுப்பினால் அதற்கு வேறு அர்த்தம் தேடுவார்கள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் திரும்பி நடந்தேன். இடுப்பைத் தளர்த்திக்கொண்டும் அல்ல, அவசரமில்லாமலும் அல்ல. பின்னால் அத்தான் என்னையும் பஸ்ஸையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் பூரணத்தம்மாள்தான் நின்றார்கள். கண் சிவந்திருந்தது. "எதையும் மறந்துட்டீங்களா அண்ணாச்சி?"

"சாப்பிட மறந்துட்டேன்," என்றேன்.

அந்த அம்மாள் என் கையைப் பார்த்தார்கள். பிறகு புரிந்துவிட்டது. புரிந்ததும் கையைப் பிசைந்தார்கள். "அய்யோ, சமச்சதெல்லாம் வேலக்காரங்களுக்குப் போட்டாச்சே. இருங்க, ஒல வைக்கேன்."

உலை வைத்து, அரிசி வெந்து, அதுவரை சங்கரலிங்கம் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. இருப்பதைப் போடுங்கள் என்றேன்.

"இருக்கது நேத்துத் தண்ணி ஊத்துன சோறு. இந்த வெயிலுக்கு நல்லாப் புளிச்சிருக்கும். ஒங்களுக்கு ஆகாதே."

போடச் சொன்னேன். அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்தேன். வெண்கலக் கும்பாவில் வந்தது. புளித்த வாடை முகத்தில் அடித்தது. ஓரத்தில் ஒரு நார்த்தங்காய் ஊறுகாய், அதுவும் புளிப்பு. விலாவில் இருந்தவர் எழுந்து நின்றார். சங்கரலிங்கம் பிள்ளை கூடத்திலிருந்து எழுந்து வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பையன் அவருக்குப் பின்னால் நின்றான்.

கையைக் கும்பாவுக்குள் விட்டேன். விரல் நுனியால் அள்ளினால் யாருக்காவது சந்தேகம் வந்துவிடும் என்று மணிக்கட்டுவரை விட்டேன். பிசைந்து, அள்ளி, வாயில் போட்டேன். தண்ணீர் முழங்கை வழியாக வடிந்து தரையில் சொட்டியது. தூரத்தில் கரி பஸ் செருமிக்கொண்டு கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"புளிப்பு சாஸ்தியோ?" என்று கேட்டார்கள் பூரணத்தம்மாள்.

"அளவா இருக்கு. இன்னொரு அகப்பை போடுங்க."

சங்கரலிங்கம் பிள்ளை என் கையைப் பார்த்தார். முழங்கையில் வடிகிற தண்ணீரையும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

"வெத்தலத் தட்ட எடுத்துட்டு வாலே."

நான் கையை எடுக்கவில்லை. தட்டு வந்து எனக்கு முன்னால் தரையில் வைக்கப்படுகிற வரையில் அதை அப்படியே சோற்றுத் தண்ணீருக்குள் வைத்திருந்தேன்.